மழையை எண்ணிய பெட்டி

ஆறு வீடுகளை ஒட்டிக் கட்டிய எங்கள் தோட்ட லயத்துக்குப் பின்னால் இருந்த மலையில் பழைய ரப்பர் மரங்களை வேரோடு பிடுங்கிய வருடம், மண்ணில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் மூன்று விரல் நுழைந்தது. பிறகு அப்பாவின் முழங்கை வரை போனது. தோட்ட ஆபீசில் போய்ச் சொன்னபோது "பலமு" என்றார்கள். பார்ப்போம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டால் அதற்கு நாள் கிழமை கிடையாது.

அப்போது நான் தெஹியோவிட்டவிலிருந்து பஸ் ஏறி அவிசாவளைக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்கப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். கொழும்பில் ஒரு நடைபாதைக் கடையில் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவு பச்சைத் தகடு. அதை வைத்து மழையை எண்ணும் பெட்டி செய்தேன். பால்மா டின்னை வெட்டி ஒரு சிறு ஊஞ்சல். தண்ணீர் நிறைந்தால் ஒரு பக்கம் சாயும். ஒவ்வொரு சாய்வையும் போர்டு ஒன்றென்று எண்ணும். ஒரே நாளில் எண்ணிக்கை நூற்றைத் தாண்டினால் மணி அடிக்கும். நூறு என்பது என் குத்துமதிப்புதான். ஊஞ்சல் மட்டும் மழையில் நனையும்படி எங்கள் வீட்டு வாசலில் வைத்து, அடாப்டரை உள்ளே பிளக்கில் மாட்டினேன்.

அதற்கு முன் பெரிய மழை வந்தால் ஆறு வீட்டாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ரோட்டோரம் இருந்த பிள்ளைக் காம்பராவுக்குப் போய்விடுவார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம் அது. ஒவ்வொரு தடவையும் ஓடி ஓடி அலுத்துப்போயிருந்தது. இனி மணி அடித்தால் மட்டும் போவோம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று பெரிய மழை வந்தது. மணி அடிக்கவில்லை. யாரும் வீட்டை விட்டு நகரவில்லை. மழைத்தண்ணீர் ஓடும் காண் நிரம்பி வாசல்வரை தண்ணீர் வந்த நாளில்கூடப் பெட்டியின் சின்னத் திரை ஏழு என்று காட்டியது.

நான் போர்டைச் சந்தேகப்பட்டேன். டவுனில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்திய இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் அதை அடையாளமே காணவில்லை. வேறு கம்ப்யூட்டரில் மாட்டினேன். வேறு துளையில் செருகினேன். கடைசியில் கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்திருந்தது தெரிந்தது. இதுதான் கோளாறு என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். அடுத்த மழைக்குத் திரை பதினொன்று காட்டியது. அடாப்டரை மாற்றினேன். சால்டர் வைத்த இடங்களையெல்லாம் மறுபடி உருக்கினேன். மேசையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் ஒன்று பிசகாமல் எண்ணியது. மழையில் மட்டும் எண்ணவில்லை. வெடிப்பில் இப்போது ஒரு கோழி விழுந்தால் எடுக்க முடியாது என்று அப்பா சொன்னார்.

கிளாஸ் இல்லாத ஒரு மத்தியானம் வீட்டில் இருந்தேன். இடி இடித்தது. அம்மா குசினியில் சமையலை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தார். டிவி பிளக்கைக் கழற்றினார். அடுத்து ரேடியோ. அடுத்து என் அடாப்டர். பெட்டியின் பச்சை லைட் அணைந்தது. அதற்குப் பிறகுதான் மழை கொட்டியது.

"ஏம்மா கழட்டுன?"

"இடி இடிக்குதுல்ல தம்பி. ஓம் பெட்டி கருகிப் போச்சுன்னா நீதான ஒக்காந்து அழுவ?"

"எப்பவுமே கழட்டுவியா?"

"பின்ன? மழ கொறஞ்சதும் தொடச்சு மாட்டி வச்சிர்றேன்ல."

அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரண்ட் உள்ள வீடுகளில் முதல் இடிக்கே பிளக்கைக் கழற்றாதது எங்கள் லயத்தில் ஒன்றுகூடக் கிடையாது. கரண்ட் போய் வந்தால் போர்டு சைபரிலிருந்து தொடங்கும் என்பது எனக்குத் தெரியும். மழை வரும்போது எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் பிறந்ததிலிருந்து தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் மாதக்கணக்கில் கேபிளைத் தடவிக்கொண்டிருந்தேன். ஏழும் பதினொன்றும் மறுபடி மாட்டிய பிறகு விழுந்த கடைசித் தூறல். அந்த மூன்று மழையிலும் ஆறு வீட்டுப் பிள்ளைகள் அணைந்த பெட்டியை நம்பித் தூங்கியிருக்கிறார்கள்.

லயத்தின் கடைசி வீட்டில் இருந்த மாமாவுக்குக் கரண்ட் இல்லை. டிவி பார்க்க ஒரு கார் பேட்டரி வைத்திருந்தார். அதைக் கேட்டேன். "டிவிய நிப்பாட்டிட்டு மழையப் பாக்கச் சொல்றான் மருமவன்" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுத் தூக்கி வந்து கொடுத்தார். பேட்டரியிலும் ஒரு தொல்லை வந்தது. மணி ஒரு தட்டு தட்டியதும் போர்டு அணைந்து அணைந்து எரிந்தது. மணியும் போர்டும் ஒரே மெல்லிய ஒயரில் இருந்ததால், மணி இழுத்த இழுப்பில் போர்டுக்குக் கரண்ட் பற்றவில்லை. மணிக்குத் தனியாகத் தடித்த ஒயர் போட்டேன். ஒரு மணி நேரம் விடாமல் அடிக்கவிட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம், சாயந்தரம் நான்கு மணி இருக்கும். இடி இடித்தது. அம்மா டிவியைக் கழற்றினார், ரேடியோவைக் கழற்றினார், பெட்டியைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார். எண்ணிக்கை ஏறியது. நாற்பது. எழுபது. பிறகு மணி அடித்தது.

ஆறு வீடும் பிள்ளைக் காம்பராவில் கூடியது. அப்பா தலைகளை இரண்டு தடவை எண்ணினார். மழைக்குள்ளே லயத்திலிருந்து மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ அது தலைவலி கொடுக்கிறது என்றார்கள். பிறகு நின்றது.

மாமா எழுந்தார். "ஒயரு கழண்டிருச்சு போல. பேட்டரி நனைஞ்சிரும், போய்ப் பாத்துட்டு வர்றேன்."

ஒவ்வொரு ஒயரையும் நான் இழுத்துப் பார்த்திருந்தேன். அவர் கையைப் பிடித்தேன்.

"ஒக்காருங்க மாமா. அது ஒயரு இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காலுக்கடியில் சிமெந்துத் தரை மெதுவாக அதிர்ந்தது. அப்பா கதவைத் திறந்தார். லயத்தில் மூன்று வீட்டுக் கூரைதான் தெரிந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் நின்றது.

அப்பா திரும்பி, பிள்ளைக் காம்பராவின் பின்சுவரைப் பார்த்தார். அதற்குப் பின்னாலும் அதே மலைதான்.

"புள்ளைகளத் தூக்குங்க. ரோட்டத் தாண்டிப் போயிருவோம்" என்றார்.