கடை வாசலில் வைத்த பெட்டி

பதினெட்டு வருடம் பழுதான வீடியோ பெட்டிகளோடு மல்லுக்கட்டியவர் அந்த மெக்கானிக். மனைவிக்குக் காது மந்தம். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். டிவியில் ஒரு வசனம் தவறினால் அவளுக்குக் கதையே கைவிட்டுப் போய்விடும். அவளுக்காகவே ஒரு பெட்டி செய்தார். நிகழ்ச்சி பதிவாகிக்கொண்டே இருக்கும். பொத்தானை அமுக்கினால் கடைசிப் பத்து விநாடி மறுபடி ஓடும். பதிவு மட்டும் நிற்காது.

காப்புரிமை கிடைத்தது. அதே மாதிரிப் பெட்டியை விற்ற பெரிய கம்பெனி விடுமா? விண்ணப்பிக்கும் முன்பே ஊரறியக் காட்டிய பொருள் புதியதாகாது என்று வாதாடி, ஒரு பழைய வாடிக்கையாளரின் சாட்சியை வைத்து ரத்து செய்ய வைத்தது. மெக்கானிக் மேல்முறையீட்டுக்குப் போனார்.

"மனு போடற வரைக்கும் பெட்டி வீட்டைத் தாண்டலன்னு உங்க வீட்டம்மா சொன்னா போதும் சார்," என்றார் அவருடைய வக்கீல்.

மனைவியிடம் போய்ப் பொய் சொல்லும்படி கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, தட்டைப் பார்த்துக்கொண்டே விஷயத்தை முணுமுணுத்தார். அவள் தலையாட்டினாள்.

விசாரணை நாளன்று எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வியைத் தாளில் எழுதி நீட்டினார். படித்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"ஆமாங்கய்யா. எட்டு மாசம் கடை வாசல்லயே வச்சிருந்தாரு. வர்றவங்க போறவங்க எல்லாம் திறந்து பாப்பாங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒவ்வொருத்தருக்கும் பொறுமையா சொல்வாரு. அப்புறம்தான் மனுவே போட்டாரு."

மெக்கானிக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியிறங்கும்போது, "நான் சரியாத்தானேங்க சொன்னேன்?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் சொன்ன."

மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. தீர்ப்பு நகல் தபாலில் வந்த மதியம் அவர் வீட்டில் இல்லை. அவளே பிரித்துப் படித்தாள். அவள் சொன்ன வார்த்தைகள் அப்படியே அச்சாகியிருந்தன; அவற்றாலேயே வழக்கு தோற்றதென்று கீழே விளக்கமும் இருந்தது. அவர் வந்தபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை.

"அன்னிக்கு தட்டைப் பாத்து என்னமோ சொன்னீங்களே, இதானா? மூஞ்சியப் பாத்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"காதுல விழலன்னு சொல்ல எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடையை மூடிவிட்டு, இன்னொருவர் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தார். அந்தப் பேச்சு வீட்டில் மறுபடி எழவேயில்லை. ஒருநாள் வேலை மேஜையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. இனி யாரும் வாங்க மாட்டார்கள் என்று கம்பெனி அந்தப் பெட்டியைச் செய்வதை முந்தைய வருடமே நிறுத்தியிருந்தது.