அம்பு ஒட்டும் கை

ஒரு சட்டை அவள் மேசைக்கு வந்துவிட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது. காலரைப் புரட்டுவாள், கைப்பட்டையை மடிப்பாள், உள்ளே கையை விட்டுத் தோள்தையலை விளக்குக்கு நேரே விரிப்பாள். விட்டுப்போன தையல், துருத்தும் நூல், மிளகளவு எண்ணெய்க்கறை எதுவும் தப்பாது. குறை கண்ட இடத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு அம்பை ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி அனுப்புவாள். தையல் ஆலையின் செக்கிங் பிரிவிலேயே தலை நரைத்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் லென்ஸக்கா.

"லென்ஸக்கா மோட்சத்துக்குப் போனா, சம்மனசு இறக்கையிலயும் ரெண்டு அம்பு ஒட்டிட்டுத்தான் உள்ள நுழைவாங்க" என்பாள் காஜா மெஷின்காரி.

"இறக்கை நேரா இருந்தா நான் ஏன்டி ஒட்டப்போறேன்?" இவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஆலையில் சோறு போட்ட கண் அது. அதே கண்ணோடு வீட்டுக்கும் வந்ததுதான் வினை.

அம்மா போன பிறகு மூன்றாம் மாடியின் இரண்டு அறைகளில் அவளும் தங்கையும்தான். தங்கைக்குப் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. டம்ளரைக் கவிழ்க்காமல் வைத்தது, துண்டைச் சுருட்டி எறிந்தது, போனில் உரக்கச் சிரித்தது என்று இவள் குறை சொல்வது விடிந்தால் தொடங்கும், விளக்கணைக்கும்வரை ஓயாது. ஒரு திங்கட்கிழமை தங்கை கட்டிலின் மேல் பெட்டியைத் திறந்து வைத்தாள்.

"ஹாஸ்டல்ல இடம் சொல்லி வச்சிட்டேன். சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒரு குறை சொன்னே, கிளம்பிடுவேன்."

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"அம்மாவோட சவப்பெட்டி பக்கத்துல நின்னு அழுதேனே, அன்னைக்கும் என் நல்லதுக்குத்தான் சொன்னியா? 'தோள்ல தையல் பிரிஞ்சிருக்கு, ஊக்கு குத்திக்கோ'ன்னு?"

பிரிந்திருந்தது உண்மைதானே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். பெட்டி திறந்தபடியே கிடந்தது.

வேலைக்குப் போகும் வழியில் கோவிலில் அரைமணி நேரம் தியானம் செய்வது அவள் பழக்கம். சுவிசேஷத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்து, அதற்குள் தானும் ஓர் ஆளாய்ப் போய் நிற்க வேண்டும். எழும்போது அன்றைக்குக் கடைப்பிடிக்க ஒரு பிரதிக்கினை. இந்த வாரப் பிரதிக்கினை தானாகவே அமைந்துவிட்டது: வாயைத் திறக்காதே. உள்ளே போய் நிற்கத்தான் முடியவில்லை. கானா ஊர்க் கல்யாணத்தில் நின்றால், திராட்சை ரசம் தீர்ந்துபோனது யாருடைய அஜாக்கிரதை என்று மனம் விசாரணை நடத்தியது. புயலில் ஆடிய படகில் ஏறினால், பாய்த்துணியின் ஓரம் மடித்துத் தைக்கப்படாமல் இருந்தது. கண்ணைத் திறந்தால் சூசையப்பர் சுரூபத்தில் சுண்டுவிரல் உடைந்திருந்தது. மூடினால் கட்டிலும் பெட்டியும்.

புதனன்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டாள். "ஜெபத்துல ஒரே பராக்கு, ஃபாதர்."

திரைக்கு அந்தப் பக்கம் இளவயதுச் சாமியார், சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "என்ன பராக்கும்மா?"

"தங்கச்சி. அவ பெட்டி. சுரூபத்தோட விரல். இப்ப உங்க மூக்கு."

அவர் சிரித்தார், தும்மினார். "விரட்டாதீங்க. விரட்டுனா இன்னும் ரெண்டைக் கூட்டிட்டு வரும். வர்ற பராக்கையும் கையைப் பிடிச்சு ஆண்டவர் முன்னாடி கூட்டிட்டுப் போங்க. அவரும் அதைப் பாக்கட்டும்."

இது என்ன வைத்தியம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

வியாழனன்று தங்கை பாலைப் பொங்கவிட்டாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு பால்கனிக்குப் போய், மடித்துவைத்த துணிகளையே திரும்ப மடித்தாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

"வாய்தான் சும்மா இருக்கு," என்றாள் தங்கை அடுப்பைத் துடைத்தபடி. "கண்ணு கத்துது."

அத்தோடு இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போயிற்று. நாக்குக்குப் பூட்டுப் போடலாம், கண்ணுக்கு என்ன போடுவது? வெள்ளிக்கிழமை ஆலையில் நல்ல சட்டைக்கே அம்பு ஒட்டி, காஜா மெஷின்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகப் பயந்து கோவிலுக்குள் நுழைந்தாள். அன்றைய காட்சி தோமா. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் காயத்தைப் பார்த்து, அதில் விரலை விட்டாலொழிய நம்ப மாட்டேன் என்றவரை அவளுக்கு எப்போதும் பிடிக்கும். நம்ம செக்கிங் ஆள். அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். ஆண்டவர் கையை நீட்டினார், உள்ளங்கையில் ஆணி அறைந்த ஓட்டை. பூட்டிய கதவைத் திறக்காமலே உள்ளே வந்தவர் இதைச் சரிசெய்துகொண்டு வந்திருக்கக் கூடாதா என்று உடனே தோன்றியது. செய்யவில்லை. மறைக்கவும் இல்லை. இதோ, இங்கே தொடு என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பராக்கு வந்தது. அம்மாவின் சவப்பெட்டி, பக்கத்தில் தங்கை, தோளில் பிரிந்த தையல். இந்தத் தடவை அவள் விரட்டவில்லை. சாமியார் சொன்னபடி அதையும் அங்கேயே நிறுத்தினாள். பிரிந்த தையலுக்குக் கீழே தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. விட்டு விட்டுக் குலுங்கியது. இத்தனை நாளும் தையலைத்தான் பார்த்திருக்கிறாள்.

பிரதிக்கினை எதுவும் எடுக்காமலே எழுந்து ஓடினாள்.

தங்கை பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் ஒண்ணுமே சொல்லலையேடி!"

"சொல்லல. பாத்தே."

மூச்சு வாங்க அக்கா வாசலிலேயே நின்றாள். "அன்னைக்கு உன் தோள் குலுங்குச்சு. நான் பாக்கவே இல்ல. ரொம்ப வலிச்சுதாடி?"

தங்கையின் கை நின்றது. "நல்ல நேரத்துல கேட்டே போ," என்றவளுக்குக் குரல் உடைந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள், "அது என்னக்கா முழங்கையில?" என்றாள்.

சிவப்பு அம்பு. ஆலையிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

"பிச்சுடட்டுமா?" என்று தங்கை கையை நீட்டினாள்.

"இருக்கட்டும். சரியா, குறை உள்ள துணியிலதான் ஒட்டியிருக்கு."

தங்கைக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது, அது கோபத்தையும் கிளப்பியது. பெட்டியை மூடவில்லை, கட்டிலைவிட்டு இறக்கவும் இல்லை. "திங்கட்கிழமை வரைக்கும் பாப்பேன்" என்றாள்.

பெட்டியில் மேலாகக் கிடந்த சட்டையில் ஒரு பொத்தான் நூலில் தொங்கியது. அக்காவின் கை தானாக நீண்டது. நீண்ட கையைத் திருப்பித் தங்கையின் தோளில் வைத்தாள். அங்கே என்ன செய்வதென்று அந்தக் கைக்கு இன்னும் தெரியவில்லை.