ஊட்டா ஆய்த்தா?

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். பொம்மனஹள்ளியில் எங்கள் மாடிக்குக் குடிவந்தவளுக்கு முப்பத்தொன்பது வயதில் முதல் கர்ப்பம். கார்மெண்ட்ஸ் வேலை. முகம், கண்ணெல்லாம் வெளுத்திருக்கும்.

இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் கன்னடத்தில் “ஊட்டா ஆய்த்தா?” என்போம். சாப்பிட்டாயா என்று கேட்பது. அவளும் தினமும் சிரித்துக்கொண்டே “ஆய்த்தும்மா” என்பாள். நானும் நம்பினேன்.

வயிற்றுக் குழந்தைக்கு எடை போதவில்லை என்று டாக்டர் திட்டி அனுப்பிய அன்று, படிக்கட்டில் மறித்து, “என்ன ஊட்டா?” என்றேன்.

திருதிருவென்று விழித்தாள். “டீயும் பன்னும்மா. இந்த வயசுல புள்ள பெருசாயிட்டா பெத்துக்க முடியாதுன்னு கார்மெண்ட்ஸ்ல ஒரு அக்கா சொன்னாங்க.”

“சொன்னவ எத்தன பெத்தா? என் கடைசிய நாப்பதுல பெத்தேன்டி! உக்காரு.”

ராகிக் களியும் கீரைக் குழம்பும் வைத்தேன். முதல் உருண்டையை மருந்து போல விழுங்கினாள். இரண்டாவதை அவளே கேட்டு வாங்கினாள். சாப்பிட்டு முடித்தவள் சட்டென்று என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள்.

“அம்மா, உதைக்குது பாருங்க!”

அடேயப்பா, என்ன உதை! எனக்கே உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து தினமும் என் எதிரில்தான் சாப்பாடு.

நேற்று பெண் குழந்தையோடு வீடு வந்துவிட்டாள். நல்ல எடையாம்! அத்தனை நாள் பசியோடு எப்படித்தான் சிரித்தாளோ, எனக்கு விளங்கவேயில்லை.

அடி, என் மூத்தவன் பெற்ற பேத்தி, இதையெல்லாம் நானே எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன். சத்தமாகப் படி, மாடிக்குக் கேட்கட்டும்.