காய்ச்சல் இல்லாத ஊரின் கொசு அக்கா

நகராட்சி சுகாதாரப் பிரிவில் அவர் பத்தொன்பது வருடமாக ஆய்வாளர். மொட்டை மாடிவரை ஏறித் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதால் தெருக்காரர்களுக்கு அவர் கொசு அக்கா. பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, எதையும் விடமாட்டார். அவரும் கூட வேலை பார்த்த ஆறு பேரும் நாயாய் அலைந்ததில் மூன்று வருடமாக ஊரில் ஒருவருக்கும் டெங்கு வரவில்லை.

அதுவே வினையாகிவிட்டது. காய்ச்சலே இல்லாத ஊருக்குத் தடுப்பு நிதி எதற்கு என்று மாநில அலுவலகம் கைவிரித்தது. ஆறில் நான்கு பேருக்கு வேலை போயிற்று. மூன்று கடிதம் எழுதியும் பதில் இல்லாததால் அக்கா நேரிலேயே கிளம்பினார். அங்கே போயும் வாயைக் கொடுத்துவிட்டு வராதே என்று கணவர் சொல்லித்தான் அனுப்பினார்.

நிதி அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார். மூன்று வருடமும் பூஜ்யம்.

"நோயே இல்லையேம்மா, எதத் தடுக்கப் போறீங்க?"

"நாங்க தடுத்ததாலதான் சார் இல்ல."

"வராத நோய எந்தக் கட்டத்துல எழுதுறது, சொல்லுங்க."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பினால் ஜன்னலோரம் பூந்தொட்டி, அடித்தட்டில் தண்ணீர். தட்டை எடுத்து மேஜைமேல் வைத்து டார்ச் அடித்தார். புழுக்கள் நெளிந்தன.

"நாலஞ்சு நாள்ல கொசுவாப் பறக்கும் சார்."

அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. அக்கா ஆசையாகப் பிரித்தார். அலுவலக வளாகத்தில் கொசுப்புழு காணப்படுவதால், மிச்சமிருக்கும் பணியாளர் இருவரையும் பத்து நாள் அங்கே அனுப்ப வேண்டுமாம். நிதியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அந்தப் பத்து நாளும் மழை கொட்டியது. அக்கா ஒற்றை ஆளாகப் படியேறினார். முழங்கால் வீங்கியது, பாதித் தெருவைக்கூட முடிக்க முடியவில்லை. மாதக் கடைசியில் இருபத்துமூன்று பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வேலை போன நால்வரில் ஒருத்தியின் மகளும் அதில் இருந்தாள். அவள் பிழைக்கிறவரை அக்கா தினமும் போய்ப் பார்த்தார். அந்தத் தாயின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

பிறகு பணம் கொட்டியது. புகை இயந்திரங்கள் வந்தன, பேனர்கள் வந்தன. நால்வரையும் திரும்ப எடுத்தார்கள். அதிகாரியே போன் செய்தார்.

"இப்பதாம்மா உங்க ஊருக்கு என்ன தேவைன்னு தெரியுது."

"அப்ப வருஷா வருஷம் இருபத்துமூணு பேர் படுக்கணுமா சார்?"

அதிகாரி போனை வைத்துவிட்டார். எல்லோரும் குணமானார்கள். நிதி உத்தரவும் வந்தது, ஒரே ஒரு வருடத்துக்கு மட்டும். அக்கா தலையில் அடித்துக்கொண்டு அதைக் கோப்பில் சொருகினார்; ஆறு பேரையும் தெருவாரியாகப் பிரித்து அனுப்பினார்.