இருப்பது தெரியட்டும் என்று கேட்டோம்

என் மகள் கிருபா பிறந்தபோது தலை சின்னதாக இருந்தது. காதுப் பரிசோதனையிலும் தேறவில்லை. வயிற்றில் இருக்கும்போதே ஏதோ வைரஸ் தொற்றியிருக்கிறது, மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் ஏழாவதோடு நின்றவன். ஓசூர், சூரத் என்று சுற்றிவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் ஒதுங்கியிருந்தேன். பசி, தீக்காயம் எல்லாம் பழகியவை. இது பழகவில்லை. எங்காவது ரயிலேறிப் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

ஸ்கேனுக்குச் சென்னை போனோம். ஆஸ்பத்திரிக்கு வரும்வரை பிள்ளையைத் தூங்க விடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே பால் குடித்துத் தூங்கினால் மயக்க மருந்து இல்லாமலே படம் எடுக்கலாமாம். மின்சார ரயிலோ தொட்டில் மாதிரி ஆட்டியது. என் மனைவி எஸ்தர் பிள்ளையின் உள்ளங்காலைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். வெளியே, தண்ணீர் தேங்கிய வயல்களில் வானம் கிடந்தது. நான் கண்ணை மூடி ஜெபித்தேன்.

“இன்னாய்யா கேட்டுக்கினு இருக்க?” என்றாள் எஸ்தர்.

“படத்துல ஒண்ணும் தெரியக் கூடாதுன்னு.”

“இருக்கறத மறைக்க ஆண்டவரையும் கூட்டு சேக்கறியா? இருக்கறது தெரியட்டும்னு கேளுய்யா. தெரிஞ்சாத்தானே மருந்து குடுப்பாங்க.”

எனக்கு அழுகை வந்தது. அப்படியே கேட்டேன்.

பால் குடித்த மயக்கத்தில், துணியில் சுற்றி, காதை மூடி, கிருபா அந்த வெள்ளைக் குகைக்குள் மெதுவாகப் போனாள். இயந்திரம் இடி போலச் சத்தம் போட்டது. அவள் அசையவே இல்லை. எனக்குத் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் இருந்தது. பயம் எங்கோ மேலே மிதந்தது. ஆண்டவர் அருகில் இருந்தார். வேறெப்படிச் சொல்ல?

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். தண்ணீர் வடிந்த ஊத்துக்கோட்டை ஆற்றுமணல் போல, மடிப்பு மடிப்பாக என் பிள்ளையின் மூளை. “இங்கெல்லாம் வைரஸ் பாதிச்சிருக்குப்பா. மடிப்பெல்லாம் நல்லா வந்திருக்கு. சீக்கிரமே வந்துட்டீங்க, இன்னிக்கே மருந்து ஆரம்பிச்சுடலாம்” என்றார். இருந்தது தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் விழவில்லை.

மருந்து, ரத்தப் பரிசோதனை, பயிற்சி என்று அலைந்தோம். ஒரு காது கேட்கவில்லை. மறு காதுக்குக் கருவி மாட்டியிருக்கிறோம். நடை பிந்தித்தான் வந்தது. நான் வேறு ஊர் தேடவில்லை. போன ஞாயிறு சபையில் பாட்டு முடிந்த பிறகும் கிருபா மட்டும் கை தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பிள்ளைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். தூக்கிக்கொண்டு போங்கள். ஆண்டவர் உங்களோடு அந்த அறைக்குள்ளும் வருவார்.