நாலு கைக்கும் ஒரே மை

செங்கலடியில் பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறேன். சித்தாண்டித் திருவிழாவுக்கு முன் நான்கு கூட்டாளிகள் வந்து, கையில் ஒரே மாதிரி வேல் குத்தச் சொன்னார்கள். "ஒரே மையில குத்துங்க அண்ணன், நாங்க ஒண்டாத் திரியிறவங்க" என்றார்கள். ஆளுக்கொரு புது ஊசி போட்டேன். மைக் கிண்ணம் மட்டும் ஒன்றுதான். நான்கு கைகளையும் சேர்த்துப் படம் எடுத்துச் சுவரில் மாட்டினேன்.

சில மாதம் கழித்து, மட்டக்களப்பு டவுனில் எங்கள் தொழிலுக்கான பயிற்சிக் கருத்தரங்குக்குப் போனேன். எனக்குத் தெரியாததா என்ற நினைப்போடுதான் இருந்தேன். பயிற்சி தந்த பெண் சிவப்புச் சாயம் பட்ட ஊசியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் தோய்த்தார். தண்ணீர் சிவந்தது. "குத்தின ஊசி திரும்ப மையில தோயக்குள்ள ரத்தமும் போகுது. அடுத்தாளுக்கு ஊசிய மாத்துறீங்க, மைய?" என்று கேட்டார்.

சுவரில் மாட்டிய அந்த நான்கு கைகளும் நினைவுக்கு வந்தன. வெளியே வந்து நால்வரில் ஒருவனான ரஜீவனுக்குப் போன் எடுத்து, உடம்புக்கு ஏதும் செய்கிறதா என்று கேட்டேன்.

"ஈரல்ல கிருமியாம் அண்ணன். எங்கால வந்ததெண்டுதான் விளங்கல்ல" என்றான்.

நடந்ததைச் சொல்லி, மற்ற மூவரையும் நானே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். இன்னொருவனுக்கும் அதே கிருமி. யாரிடமிருந்து யாருக்குப் போனதென்று டொக்டராலும் சொல்ல முடியவில்லை.

இப்போது ஆளுக்கொரு கிண்ணம்தான். மிஞ்சும் மையைக் குத்திக்கொண்டவரின் கண்முன்னே கொட்டிவிடுகிறேன். இன்னும் சிலர் கூட்டமாக வந்து ஒரே மை கேட்கிறார்கள். நால்வரிடமும் கேட்டு, அந்தப் படத்தைச் சுவரிலேயே விட்டிருக்கிறேன். அதைக் காட்டி, "இதில ரெண்டு பேர் ஆஸ்பத்திரிக்குத் திரியிறாங்க. குத்தினது நான்தான்" என்கிறேன்.