பதினேழாம் எண்காரரின் இருமல்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வந்த மறு வருஷம், மலாக்கா ஊரில் காஜா பேராங்கில் இருக்கும் மலாக்காச் செட்டி ஜனங்களின் பேச்சைப் பதிய ஒரு துரை வந்தார். அவர்களுக்குச் சாமி நம் சாமி, பேச்சு மலாய். ஒரே சொற்பட்டியலை எல்லாரையும் வாசிக்க வைத்து, எந்த ஒலி யார் வாயில் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். நான் அவருடைய கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. சொல்லுக்கு ஓர் அட்டை; அதில் டேப் எண், ஆள் எண். பெயர் எழுதக்கூடாது. ‘உப்பு’ வேண்டுமென்று துரை கேட்டால், பெட்டியைத் துழாவி ஊரின் உப்பையெல்லாம் எடுத்து நீட்டுவேன்.

டேப் சுத்தமாக இருக்கட்டும் என்றார் துரை. நான் எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். பிளேடை எடுத்து இருமல், செருமல், நாற்காலிச் சத்தம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒட்டினேன். பதினேழாம் எண்காரர் சொல்லுக்குச் சொல் இருமி என் உயிரை வாங்கினார். ஒரு வாரம் அவருக்கே போயிற்று.

இரண்டு மாதத்தில் அவர் செத்துப்போனார். டேப்பெல்லாம் கப்பலேற இரண்டு நாள் இருக்கும்போது, அவர் மனைவி எங்கள் ஆபீஸ் படியேறி வந்தார். வீட்டில் ஒரு போட்டோகூட இல்லையாம். குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்றார்.

பதினேழு எனக்கு மறக்குமா? எடுத்துப் போட்டேன். அரிசி, தண்ணீர், உப்பு, வீடு. துப்புரவான குரல். அந்த அம்மா கடைசிவரை கேட்டார்.

“இது அவர் இல்லை” என்றார் மலாயில். 

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அட்டை பொய் சொல்லாது என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அட்டையை மூன்று தடவை சரிபார்த்தேன். எல்லாம் சரி. அப்புறம்தான் உறைத்தது. அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். நல்லவேளை, எதையும் வீசாத பிசினாறி நான். வெட்டிய துண்டுகள் ஆள்வாரியாகப் பொட்டலம் கட்டி பிஸ்கட் டின்னில் கிடந்தன. பதினேழை எடுத்து, சாயந்திரம்வரை உட்கார்ந்து ஒட்டினேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் நானே போய் அந்த அம்மாவைக் கூப்பிட்டு வந்தேன். இருமல். செருமல். மறுபடி இருமல். ஒரு சொல்கூடக் கிடையாது. அவர் நாற்காலியை இயந்திரத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சுடா மாக்கான் ஊபாட்?” மருந்து சாப்பிட்டாச்சா என்று அதை அதட்டினார்.

இயந்திரம் இருமியது.